எழுத்தாளர் வலைத்தளங்கள்: கண்டடைதலும் தொடர்தலும் பேணலும்

முன்னுரை

தற்காலத் தமிழ்ப் படைப்பாளர் பலரின் எழுத்து, அச்சேறுவதற்கு முன்பே அவர்தம் வலைத்தளங்களில் வெளிவந்துவிடுகிறது. ஜெயமோகனின் ‘வெண்முரசு’ இதற்குத் தக்க சான்றாகும். 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலையில் நிறைவுற்ற இந்நாவல் வரிசை, 26 நாவல்களாக, நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம் என்னும் முறையில் இணையத்தில் வெளியானது. நூல்வடிவம் அதன்பின் வந்ததே. எஸ். ராமகிருஷ்ணன், சாரு நிவேதிதா, பா. ராகவன் முதலியோரும் தத்தம் தளங்களில் தொடர்ந்து எழுதி வருகின்றனர். எனவே தற்கால இலக்கியத்தைப் பயில்வோர்க்கு எழுத்தாளரின் வலைத்தளம் ஒரு மூலச்சான்று ஆகின்றது. அதனைக் கண்டடைவது எங்ஙனம், தொடர்ந்து வாசிப்பது எங்ஙனம், சான்றாகப் பேணுவது எங்ஙனம் என்னும் மூன்று வினாக்களுக்கு இக்கட்டுரை விடை காண முயல்கிறது.

வலைத்தள எழுத்தின் இயல்பு

எழுத்தாளர் தளங்களில் காணப்படுவன கதையும் கட்டுரையும் மட்டுமல்ல. நாட்குறிப்பு, நூல் மதிப்புரை, பயணக்குறிப்பு, அஞ்சலி, வாசகர் கடிதம், அதற்கான மறுமொழி எனப் பலவகைப் பதிவுகள் அவற்றுள் அமைகின்றன. முற்காலத்தில் இவ்வகைச் செய்திகள் தனிக்கடிதங்களில் தங்கின. கு. அழகிரிசாமி கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாக வெளிவந்த பின்னரே பொதுவாசகர் கைக்கு எட்டின. இன்றோ ஒரு படைப்பு உருவாகும்போதே, அதுபற்றிய ஆசிரியரின் கருத்தும் வாசகரின் எதிர்வினையும் நாள் குறிக்கப்பெற்று வெளிப்படுகின்றன.

இலக்கிய வரலாற்றின் முதன்மையான நிகழ்வுகளும் இணையவழியே பதிவாகின்றன. 2015 ஜனவரியில், ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பையடுத்து, பெருமாள்முருகன் தம் எழுத்து வாழ்வை முடித்துக்கொள்வதாக விடுத்த அறிவிப்பு முகநூலிலேயே வெளிவந்தது. அவ்வறிவிப்பை ஆராய விழைபவர் அச்சிதழ்களின் மறுவெளியீட்டோடு நின்றுவிட இயலாது.

கண்டடைதல்

ஆசிரியர் பெயரைத் தேடுபொறியில் இடுவது எளிய முறையாயினும் தமிழில் அது சில இடர்ப்பாடுகளை உடையது. முதலாவது, பெயர் வடிவம். கி. ராஜநாராயணன், கி.ரா. என ஒருவரே இருவகையாகக் குறிக்கப்பெறுகிறார். எஸ். ராமகிருஷ்ணன் என்னும் பெயரோ நாவலாசிரியரையும் க்ரியா பதிப்பகத்தை நிறுவியவரையும் ஒருங்கே சுட்டும். ஆகவே பெயரின் மாற்றுவடிவங்களையும், பெயரோடு ஒரு படைப்பின் தலைப்பையும் சேர்த்துத் தேடுதல் வேண்டும்.

இரண்டாவது, எழுத்துருக் குறியீடு. ஒருங்குறி பரவலாவதற்கு முன் திஸ்கி முதலிய குறியீடுகள் வழக்கில் இருந்தன. சென்னையில் 1999இல் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தாப், தாம் என்னும் குறியீடுகள் முன்வைக்கப்பட்டன. அவற்றில் அமைந்து, பின்னர் மாற்றப்படாது எஞ்சிய பக்கங்களை ஒருங்குறிச் சொல்லைக் கொண்டு தேடிப் பெறுதல் அரிது. அத்தகைய பக்கங்களை வேறொரு தளம் தரும் இணைப்பின் வழியாகவே பெரும்பாலும் சென்றடைய இயலும்.

மூன்றாவது, தளத்தின் உரிமை. ஆசிரியர் தாமே நடத்துவது, வாசகர் தொகுத்து நடத்துவது, பிறர் இசைவின்றி மறுபதிவு செய்வது எனத் தளங்கள் மூவகைப்படும். நாஞ்சில் நாடனின் எழுத்துகளைத் திரட்டித் தரும் தளம் வாசகர் முயற்சியால் உருவானது. நவீன இலக்கியப் படைப்புகளைத் தொகுத்த ‘அழியாச்சுடர்கள்’ வலைப்பூவும் அத்தகையதே. இவை பயனுடையனவே எனினும், ஆசிரியர் தளத்திற்குரிய சான்றுநிலையை இவற்றுக்கு அப்படியே அளித்தல் கூடாது. நூலின் ஆசிரியர் குறிப்பில் தரப்பெறும் முகவரி, பதிப்பகத்தார் தரும் இணைப்பு, பிற எழுத்தாளர் தம் தளங்களில் தரும் இணைப்பு ஆகியவற்றை ஒப்புநோக்கியே தளத்தின் உண்மைத்தன்மையை உறுதிசெய்தல் வேண்டும்.

தொடர்தல்

2004இல் தோன்றிய ‘தமிழ்மணம்’ போன்ற திரட்டிகள், பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் காட்டி அக்கால வாசகருக்கு வழிகாட்டின. செய்தியோடை என்னும் நுட்பம் இதற்கு அடிப்படையாகும். ஒவ்வொரு தளமும் தன் புதிய பதிவுகளின் பட்டியலைக் கணினி படிக்கத்தக்க வடிவில் வெளியிடும். ஓடை வாசிப்பான் அப்பட்டியலைக் குறித்த இடைவெளியில் பார்த்துப் புதியனவற்றைக் கால வரிசையில் தரும்.

2005இல் வெளிவந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. ஃபீட்பர்னர் வழங்கிய மின்னஞ்சல் சேவையும் 2021இல் முடிவுக்கு வந்தது. வாசகர் பலர் சமூக ஊடகங்களின் வழியாகவே பதிவுகளை அறியலாயினர். அங்கு எப்பதிவு கண்ணிற்படும் என்பதை வாசகரோ எழுத்தாளரோ முடிவு செய்வதில்லை. அதிக எதிர்வினை பெறும் பூசல்கள் முன்னிற்க, அமைதியான இலக்கியக் குறிப்புகள் பின்தள்ளப்படுகின்றன. ஓர் ஆசிரியரை முழுமையாகப் பயில்வோர்க்கு இத்தெரிவு பொருந்தாது. செய்தியோடை இன்றும் பெரும்பாலான தளங்களில் உள்ளது. வேர்ட்பிரஸ் தளங்களில் முகவரியின் இறுதியில் ஃபீட் என்னும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால் அது பொதுவாகக் கிடைக்கும்.

பாடவேறுபாடும் பேணலும்

அச்சிட்ட பக்கம் மாறுவதில்லை; வலைப்பக்கமோ தடயமின்றி மாறக்கூடியது. ஆசிரியர் ஒரு தொடரைத் திருத்தலாம், ஒரு பதிவை நீக்கலாம், தளத்தையே மாற்றலாம். புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி 2000ஆம் ஆண்டில் செம்பதிப்பு கொண்டுவர இயன்றமைக்கு, ‘மணிக்கொடி’ முதலிய இதழ்களின் படிகள் எங்கோ பேணப்பட்டிருந்தமையே காரணம். இதழ் வடிவத்தையும் நூல் வடிவத்தையும் ஒப்பிட்டே பாடவேறுபாடு காண முடிந்தது. வலைத்தளத்தில் முதலில் வெளியான ஒரு கதைக்கு நாளைய பதிப்பாசிரியர் எப்படியை நாடுவார் என்பது இன்று எழுப்ப வேண்டிய வினாவாகும்.

இதற்குரிய வழிகள் எளியனவே. இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் வேபேக் மெஷினில் எவரும் ஒரு பக்கத்தைச் சேமிக்கலாம். சேமித்த நாளும் நேரமும் அதில் பதிவாகும். மேற்கோள் காட்டும்போது ஆசிரியர் பெயர், பதிவின் தலைப்பு, வெளியான நாள், பார்த்த நாள், சேமித்த படியின் முகவரி ஆகிய ஐந்தையும் குறித்தல் நன்று. தளத்தின் முகப்பு முகவரியை மட்டும் தருவது, நூலகத்தின் பெயரைச் சொல்லி நூலின் பெயரைச் சொல்லாது விடுவதற்கு ஒப்பாகும். ஆசிரியர் தாமே நீக்கிய பதிவை மேற்கோள் காட்டுமிடத்து, அது நீக்கப்பட்டது என்பதையும் உடன் குறிப்பதே ஆய்வறமாகும்.

நிறைவுரை

தளத்தை உறுதிசெய்து கண்டடைதல், ஓடையின் வழியே இடையறாது தொடர்தல், நாள் குறித்துப் படியெடுத்துப் பேணல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. கண்டடைந்தும் தொடராவிடின் திருத்தங்கள் புலப்படா. தொடர்ந்தும் பேணாவிடின் சான்று எஞ்சாது. ஓலைச்சுவடி அழிந்ததற்குக் கரையானும் காலமும் காரணமாயின. வலைப்பக்கம் அழிவதற்கோ முகவரிக்குரிய ஆண்டுக் கட்டணம் செலுத்தப்படாமையே போதும். தமிழ்த்துறைகள் தத்தம் ஆய்வுப்பொருளாக அமையும் எழுத்தாளரின் தளங்களையேனும் முறைப்படி சேமிக்கத் தொடங்குதல், பிற்காலப் பதிப்புப் பணிக்கு இன்றே இடும் அடித்தளமாகும்.