மார்க் குறைஞ்சவங்களுக்குத்தான் தொழிற்கல்வியா?

சுவிட்சர்லாந்தில் 15, 16 வயதில் கட்டாயப் பள்ளிப் படிப்பு முடிந்துவிடும். அதன்பின் சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் போவது 'லேரெ' எனப்படும் தொழிற்பயிற்சிக்கு. வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில் வேலை, மீதி நாள் தொழிற்பள்ளி. எழுத்துபூர்வ ஒப்பந்தம் உண்டு. மாதாமாதம் சம்பளமும் உண்டு. தச்சு, சமையல், வங்கி, மென்பொருள் என 200-க்கும் அதிகமான தொழில்கள். ஒத்துவருமா என்று சில நாள் போய் வேலை செய்து பார்த்துவிட்டே சேரலாம். 3 அல்லது 4 ஆண்டு முடித்தால் நாடு முழுக்கச் செல்லும் சான்றிதழ்.

"அப்போ மேல படிக்க முடியாதா?" இங்கே குடியேறிய நம்மூர்ப் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தாராளமாக முடியும். கூடுதலாக ஒரு தேர்வில் தேறினால் தொழில்சார் பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்கலாம். யூபிஎஸ் வங்கியின் தலைமைப் பொறுப்புக்கு வந்த செர்ஜியோ எர்மோட்டி, லுகானோவில் வங்கிப் பயிற்சியாளராகத் தொடங்கியவர்தான்.

நிறுவனங்கள் இதைத் தர்மத்துக்குச் செய்வதில்லை. பயிற்சிக் காலத்திலேயே பிள்ளைகள் செய்யும் வேலை, பல நிறுவனங்களுக்குச் செலவை ஈடுகட்டிவிடுகிறது. என்ன கற்றுத்தர வேண்டும் என்பதை முடிவு செய்வதிலும் தொழில் சங்கங்களுக்குப் பங்குண்டு.

குறையே இல்லையா? இருக்கிறது. 15 வயதில் தொழிலை முடிவு செய்வது சின்ன விஷயமில்லை. வெளிநாட்டுப் பெயர் கொண்ட பிள்ளைக்கு இடம் கிடைப்பது இங்கேயும் சிரமம்தான்.

நம்மிடம் என்ன இல்லை? தொழில் பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கிலும், பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ.யிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாதை இருக்கிறது, மரியாதைதான் இல்லை. ஐடிஐ என்றால் 'மார்க் குறைஞ்ச பையன்' என்கிறோம். பல கம்பெனிகளுக்கோ 'அப்ரன்டிஸ்' என்றால் குறைந்த கூலிக்கு ஓராண்டு கிடைக்கும் ஆள்.

விளைவு? கடன் வாங்கி நான்கு ஆண்டு பி.இ. முடித்துவிட்டு, வேலைக்காக மறுபடி பணம் கட்டி கோர்ஸ் படிக்கிறார்கள். நானும் பொறியாளன்தான், பட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் கோவையிலும் ஓசூரிலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே எடுக்கும் பயிற்சியாளருக்குக் கௌரவமான சம்பளம், முறையான பாடம், முடித்ததும் நிரந்தர வேலையில் முன்னுரிமை. இந்த மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லி அரசு கேட்கட்டும். அப்புறம் பாருங்கள், பெற்றோரே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள்.