தண்ணியில்லாக் காட்டிலிருந்து அலைக்குளத்துக்கு

‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று சினிமாவில் ஒரு மேலதிகாரி மிரட்டினால், எந்த ஊர் என்று சொல்லாமலே தமிழ்நாட்டுக்குப் புரிந்துவிடும். ராமநாதபுரம். கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கம் தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கித் தண்ணீருக்குப் போகும் பெண்களைப் பார்க்காதவர்கள் அந்த மாவட்டத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. அங்கிருந்து ஒரு பிள்ளை, கல்லூரிப் பயிற்சிக்கென்று ஓர் இரவு ரயில் தூரம் போய், லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீரை வெறுமனே ஆட்டிக் காட்டும் அலைக்குளத்தின் ஓரத்தில் சீருடையோடு நிற்கிறது என்றால் அதில் கொஞ்சம் வேடிக்கை உண்டு. நிறையப் பிழைப்பும் உண்டு.

அலைக்குளத்தில் அலை எப்படி வருகிறது? பெரும்பாலான நீர்ப்பூங்காக்களில் ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் மூடிய அறைகள் இருக்கும். பெரிய மின்விசிறிகள் அவற்றுக்குள் காற்றைத் திணிக்கும். காற்று அழுத்த, அறைக்குள் இருக்கும் தண்ணீர் கீழ்வழியாகக் குளத்துக்குள் பாயும். காற்றை விட்டால் தண்ணீர் திரும்ப உள்ளே வரும். ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுகிற மாதிரிதான். தாளம் பிசகாமல் தள்ளினால் அலை உயரும். சில நிமிஷம் அலை, பிறகு ஓய்வு, தொடங்குமுன் ஒரு சங்கொலி. ராமேஸ்வரத்துப் பிள்ளைக்கு இது பொம்மைக் கடல். அவர்கள் ஊரில் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை அமைதியாகக் கிடக்கும். அதைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா சீறும். அது ஆண் கடல். எப்போது சீறும் என்று அது சங்கு ஊதிச் சொல்லாது. 1964 டிசம்பரில் ஒரே இரவில் கடல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போனதும் சொல்லிவிட்டு நடந்ததல்ல.

கடற்கரைப் பிள்ளைகளுக்கும் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கும் வேறொரு பொருத்தமும் இருக்கிறது. அது காலண்டரில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கரையேறி நிற்கும், வலை பின்னும் வேலையும் பலகை மாற்றும் வேலையும் நடக்கும், வீட்டுக்குள் பணம் வராது. தடைக்கால நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக முதல்வர் அறிவித்தது 2023 ஆகஸ்டில், மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில். அந்தத் தொகை இரண்டு மாதத்தில் எத்தனை நாள் தாங்கும் என்பதை வாசகர்களே கணக்குப் போடலாம். அதே 61 நாளில்தான் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறையும் வருகிறது. பூங்காக்களில் கூட்டம் முட்டும். கூடுதல் ஆள் தேவைப்படும். அப்பாவின் படகு கட்டிக் கிடக்கிற நாட்களில் மகனுக்கோ மகளுக்கோ வேலை கிடைக்கிறது; கல்லூரி அதைப் பயிற்சி என்று எழுதிக்கொள்கிறது.

ஊரைவிட்டுப் போவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. கீழக்கரைக்காரர்கள் கடல்கடந்து வாணிபம் செய்தது பல தலைமுறைக் கதை. பள்ளிப் படிப்புக்காகவே தீவைவிட்டு ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்கு வந்தவர்தான் அப்துல் கலாம். இப்போது போக்குவரத்தும் எளிதாகியிருக்கிறது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்ற பிறகு, தீவுப் பிள்ளைகள் மண்டபத்துக்கோ ராமநாதபுரத்துக்கோ பஸ் பிடித்து வந்துதான் ரயிலேற வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய தூக்குப்பாலம் திறக்கப்பட்ட அன்றே ராமேஸ்வரம்–தாம்பரம் ரயிலும் தொடங்கிவைக்கப்பட்டது. பூங்காக்கள் இருப்பதும் சென்னையின் அந்தத் தென்பக்கம்தான்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழில் புதிது என்று நினைப்பவர்கள் விஜிபி கோல்டன் பீச்சை மறந்துவிடுகிறார்கள். பிறகு தாம்பரம் பக்கம் 1995-இல் கிஷ்கிந்தா, முட்டுக்காட்டில் எம்ஜிஎம், மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், மதுரைக்கு அருகே பரவையில் அதிசயம். கொச்சியில் 2000-இல் வீகாலேண்ட் என்று தொடங்கியதுதான் பின்னர் வொண்டர்லா ஆகி, பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வரம் சுற்றி, 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வந்து சேர்ந்தது.

விஜிபி என்றதும் சிலை மனிதன் நினைவுக்கு வராமல் இருக்காது. காவலாளி வேடத்தில் ஒருவர் நாள் முழுக்க ஆடாமல் அசையாமல் நிற்பார். சிரிக்க வைக்கிறேன் பேர்வழி என்று பள்ளிப் பிள்ளைகள் அவர் முன்னால் குரங்குச் சேட்டை எல்லாம் செய்யும். அவர் வேலை, சிரிக்காமல் இருப்பது. இன்றைய பயிற்சி மாணவரின் வேலை அதற்கு நேர்மாறு: பத்து மணி நேரம் சிரித்துக்கொண்டே இருப்பது. இரண்டில் எது கடினம் என்று கேட்டால், சிலை மனிதன் பக்கம்தான் கொஞ்சம் சுகம் என்று தோன்றுகிறது. அவரைப் பார்த்து யாரும் ‘உன் மேனேஜரைக் கூப்பிடு’ என்று கத்தியதில்லை. முகபாவத்தையே கூலிக்கு விற்கும் இந்த வேலைக்கு அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-இல் எழுதிய புத்தகத்தில் ‘உணர்ச்சி உழைப்பு’ என்று பெயர் வைத்தார். விமானப் பணிப்பெண்களைப் பார்த்து எழுதியது. ரோலர் கோஸ்டர் வரிசையில் நிற்பவருக்கும் அப்படியே பொருந்தும்.

கல்லூரிப் பிள்ளைகளைத் தொலைவூரிலிருந்து வரவழைத்துப் பூங்காவை நடத்தும் முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது டிஸ்னி. ஃபுளோரிடாவில் 1971-இல் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டு, பத்தாண்டு கழித்து மாணவர் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மாணவர்கள் சில மாதம் தங்கி வேலை செய்வார்கள்; தங்குமிடம் நிறுவனமே தரும், வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். அங்கே வாடிக்கையாளர் என்ற சொல் கிடையாது, விருந்தினர்தான். ஊழியர் என்ற சொல்லும் கிடையாது. எல்லோரும் நாடக நடிகர்கள். சீருடைக்குப் பெயர் வேஷம். பொதுமக்கள் நடமாடும் இடம் மேடை, சோறு தின்னும் இடம் திரைக்குப் பின்னால். வழி கேட்டால் ஒற்றை விரலை நீட்டக் கூடாது. இரண்டு விரல் அல்லது முழுக் கை. வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற பேரில் அழைத்துவர 1990-இல் அமெரிக்கச் சட்டத்தில் தனி விசாவே வந்தது. ‘டிஸ்னி விசா’ என்றே அதற்குச் செல்லப்பெயர். அப்படி வருகிறவர்கள் வேலை செய்யும் எப்காட் பூங்காவில் 11 நாடுகளின் மாதிரிக் கூடங்கள் உண்டு. இந்தியா அதில் இல்லை.

நம் ஊர் நீர்ப்பூங்காவுக்கு வருவோம். பயிற்சிக்கு வந்த மாணவியை முதல் வாரத்தில் பெரும்பாலும் ராட்டினத்தின் பக்கம் விடமாட்டார்கள். உடைமாற்றும் அறை, லாக்கர் கவுண்டர், சாப்பாட்டுக் கவுண்டர், வரிசை. உடைமாற்றும் அறை வாசலில் நிற்பது சாமானிய வேலை இல்லை. தண்ணீருக்குள் நைலான், பாலியஸ்டர் உடைதான் போகலாம், பருத்தி கூடாது. நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும், நனைந்த துணி கனத்துக் காலைச் சுற்றும். காரணம் சரிதான். ஆனால் திண்டுக்கல்லிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பத்து ஆத்தாவிடம், ‘பாட்டி, சேலையோட உள்ள போக முடியாது, டிரஸ் வாடகைக்கு எடுக்கணும்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ராமேஸ்வரத்துல சேலையோடதான்டி முங்கினேன்’ என்று பதில் வந்தால், ராமேஸ்வரத்திலிருந்து வந்த அந்தப் பிள்ளை என்ன சொல்லும்?

உயிர்காப்பாளர் வேலை தனி. நீச்சலிலும் முதலுதவியிலும் தேறியவரைத்தான் அதில் நிறுத்த வேண்டும். 10/20 என்று இந்தத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: தன் பகுதியில் ஆபத்து என்றால் 10 வினாடிக்குள் கண்ணில் பட வேண்டும், அடுத்த 20 வினாடிக்குள் கை எட்ட வேண்டும். முழுகுகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்பது சினிமா. 1970-களில் நியூயார்க் கடற்கரையில் படம்பிடித்து ஆராய்ந்த உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா காட்டியது வேறு. மூச்சுக்குத் திணறுகிறவரால் கத்த முடியாது. கைகள் தாமாகத் தண்ணீரை அமுக்கும். தலை ஏறி இறங்கும். ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். சத்தம் போடும் நூறு பேருக்கு நடுவில் சத்தம் போடாத ஒருவரைத் தேடும் வேலை இது. கடலோரத்தில் வளர்ந்தவருக்கு நீச்சல் கைவந்திருக்கலாம். இந்தக் கண்ணைப் பழக்கித்தான் ஆக வேண்டும்.

மற்றபடி, கூட்டத்தைக் கையாளும் கலையை ராமேஸ்வரத்துப் பிள்ளைக்குப் புதிதாகச் சொல்லித்தர என்ன இருக்கிறது? அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு ஈரத்தோடு வருகிற கூட்டத்தைச் சீட்டு வாங்கவைத்து, கோயிலுக்குள் 22 தீர்த்தத்துக்கும் வரிசை குலையாமல் நகர்த்துகிறார்கள். ஒவ்வொரு கிணற்றின் விளிம்பிலும் யாத்திரைப் பணியாளர் ஏறி நின்று, கயிறு கட்டிய வாளியைச் சுண்டி இறக்கி, ஒரே வீச்சில் இறைத்துத் தலையில் ஊற்றுவார். வழுக்கும் கல்தளம், வயதானவர்கள், அழும் குழந்தைகள், தமிழ் தெரியாத வட இந்தியக் குடும்பங்கள். அவர்களிடம் இரண்டே இந்தி வார்த்தையில் ‘அடுத்தது அந்தப் பக்கம்’ என்று அனுப்பிவைக்கும் லாவகம் எந்தக் கையேட்டிலும் கிடையாது. பக்தியையும் கேளிக்கையையும் ஒன்றாக்குவதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நனைந்த மனிதர்களைப் பத்திரமாக ஒரு சுற்று சுற்றி வெளியே அனுப்புவது என்ற தொழிலைப் பல தலைமுறையாகச் செய்துவரும் ஊர் அது. அந்த ஊர்ப் பிள்ளை தன் பயோடேட்டாவில் ‘முன் அனுபவம் இல்லை’ என்று எழுதுவதுதான் உறுத்துகிறது.

சரி, பணம்? இங்கேதான் சொற்களைக் கவனிக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் ‘அப்ரண்டிஸ்’ என்று ஒப்பந்தம் போட்டால் குறைந்தபட்ச உதவித்தொகை உண்டு. 2019-இல் திருத்திய விதி படிப்புக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை வைத்தது. கல்லூரிப் பாடத்தின் பகுதியாக ‘இன்டர்ன்’ என்று போனால் இப்படி ஒரு சட்டப் பிடிமானம் இல்லை. தருவதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கேட்டரிங் மாணவர்கள் இதை ‘ஐடி போறது’ என்பார்கள். ஐடி கம்பெனிக்கு இல்லை, இண்டஸ்ட்ரியல் டிரெயினிங். சமையல், பரிமாறல், வரவேற்பு, அறைப் பராமரிப்பு என நான்கு பிரிவிலும் மாறி மாறிப் பழக வேண்டும் என்பது பாடத்திட்டம். கூட்ட நாளில் நான்கும் சுருங்கி, தட்டு கழுவும் இடத்திலேயே மாதம் ஓடிவிடும் ஆபத்து எல்லா ஊரிலும் உண்டு. எந்தப் பிரிவில் எத்தனை வாரம், தங்குமிடத்துக்குப் பிடித்தம் எவ்வளவு, வார விடுமுறை எப்போது என்பதை ரயிலேறுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைதூர உதாரணம் ஒன்று. 2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஹெர்ஷி சாக்லேட் பொதியும் கிடங்கு ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கான வெளிநாட்டு மாணவர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அமெரிக்காவைப் பார்க்கலாம், ஆங்கிலம் பழகலாம் என்று கோடைக்கால விசாவில் சொந்தப் பணம் கட்டி வந்தவர்கள். கிடைத்தது இரவு ஷிஃப்டும் கனத்த பெட்டிகளும். வாடகைப் பிடித்தம் போகக் கையில் மிஞ்சியது கொஞ்சம். அந்தக் கூச்சலுக்குப் பிறகு 2012-இல் அமெரிக்க அரசு விதிகளை இறுக்கியது.

நம் கரையிலிருந்து போகிறவர்களுக்கு அமெரிக்காவைவிட வளைகுடா பக்கம். அபுதாபியின் யாஸ் தீவில் 2010-இல் ஃபெராரி வேர்ல்டு வந்தது. பின்னாலேயே நீர்ப்பூங்கா, வார்னர் பிரதர்ஸ், 2023-இல் சீவேர்ல்டு. கீழக்கரையிலோ தொண்டியிலோ ஒரு வீட்டில் ‘மாமா அங்கதான் இருக்காக’ என்ற பேச்சு இருந்தால் போதும், கனவு தொடங்கிவிடும். இதில் ஓர் ஓட்டை இருப்பது பலருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர் வளைகுடா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அந்த வழியிலாவது காகிதங்களை ஒருவர் புரட்டிப் பார்ப்பார். படித்த பிள்ளைக்கு அந்த அனுமதியே தேவையில்லை, ஆகவே அந்தச் சோதனையும் இல்லை. ‘முதல்ல விசிட் விசாவுல போ, அங்க மாத்திக்கலாம்’ என்று சொல்கிற ஏஜென்டை நம்பினால், விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே சட்டப்படி குற்றம் என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரியவரும். பதிவு பெற்ற முகவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான வரியும் என்று உச்சவரம்பு உண்டு.

இத்தனை தூரம் போகத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் காரங்காட்டைப் பார்க்கலாம். தொண்டிக்குப் பக்கத்தில், அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி. வனத்துறையோடு சேர்ந்து அந்த ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். உயிர்காப்பு உடையை மாட்டிவிட்டு, வாரை இழுத்துப் பார்த்து, ‘தண்ணிக்குள்ள கைய விடாதீக’ என்று சொல்வதிலிருந்து பறவையின் பெயர் சொல்வது வரை ஊர் ஆட்கள். ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன்வலசையிலும் மணல்திட்டுக்கு இப்படிப் படகு போகிறது. இன்டர்ன்ஷிப் என்றால் கல்லூரிகளுக்கு ஏனோ ஏ.சி. வரவேற்பறை உள்ள இடம்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

ஜூன் 14 நள்ளிரவோடு தடைக்காலம் முடியும். ராமேஸ்வரம் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றி, டீசல் ஊற்றி, டோக்கன் வாங்கிக்கொண்டு படகுகள் கிளம்பும். பள்ளிகளும் திறந்திருக்கும், பூங்காவில் கூட்டம் வடிந்திருக்கும். பிளாஸ்டிக் கவரில் சான்றிதழோடு, குளோரின் நெடி போகாத சட்டையோடு பிள்ளைகள் திரும்பி வருவார்கள். பாம்பன் பாலத்தில் ரயில் மெதுவாகும்போதே வீட்டிலிருந்து போன் வந்துவிடும். நிழலே இல்லாத குளக்கரையில் இரண்டு மாதம் நின்றதைச் சான்றிதழைவிட முகம் தெளிவாகச் சொல்லும். வாசலில் அம்மா முதலில் பார்ப்பதும் அதைத்தான். ‘கடலுக்குப் போற உங்கப்பாவவிடக் கருத்துட்டியேடா!’