டிராக்டரை இரண்டாகப் பிரித்தால் எஞ்சின் எப்படி நிற்கும்?

ஒலக்கூர், திண்டிவனம் பக்கத்தில் நெல்லுக்கும் மல்லாட்டைக்கும் உழுவது டிராக்டர்தான். உழுது உழுது அதன் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோகும். அதை மாற்ற மெக்கானிக் என்ன செய்வார் தெரியுமா? டிராக்டரையே நடுவில் இரண்டாகப் பிரித்துவிடுவார்!

லாரிக்கு அடியில் சேஸிஸ் என்ற நீண்ட இரும்புச் சட்டம் உண்டு. எஞ்சினும் கியர் பாக்ஸும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலான டிராக்டர்களுக்கு அந்த முழுநீளச் சட்டம் கிடையாது. எஞ்சின், கியர் பாக்ஸ், பின் அச்சு மூன்றையும் வரிசையாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அவையே டிராக்டரின் முதுகெலும்பு. 1917-இல் ஹென்றி ஃபோர்டு தயாரித்த ஃபோர்ட்சன் டிராக்டர் இந்த அமைப்பைப் பரவலாக்கியது. கிளட்ச் பிளேட் இருப்பது எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே. அங்கே கை போகவேண்டுமானால் முதுகெலும்பைப் பிரித்தே ஆகவேண்டும்.

போல்ட்டுகளைக் கழற்றினால் இரண்டு ஆபத்துகள் உண்டு. எஞ்சினின் எடை முன் அச்சுக்குப் பின்னால் இருப்பதால், அதன் பின்முனை தரையை நோக்கி இறங்கும். அதற்காக எஞ்சினுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வைத்து முட்டுக் கொடுப்பார்கள்.

இரண்டாவது ஆபத்து, பக்கவாட்டில் சாய்வது. வரப்பில் ஏறி இறங்க வசதியாக, டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில் ஆடும்படி பொருத்தப்பட்டிருக்கும். அந்தப் பின் ஒரு புள்ளி, ஸ்டாண்டு ஒரு புள்ளி. இரண்டு புள்ளிகள் சேர்ந்தால் வெறும் கோடுதான். கோட்டின்மேல் கனமான எஞ்சின் நிற்குமா? அதனால்தான் அச்சுக்கு மேலே இருபுறமும் மர ஆப்பு இறுக்குகிறார்கள். அச்சு ஆடாது. இப்போது இரண்டு சக்கரங்களும் ஸ்டாண்டும் சேர்ந்து ஒரு முக்கோணம். எஞ்சினின் ஈர்ப்பு மையம், அதாவது அதன் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, அந்த முக்கோணத்துக்கு உள்ளே இருக்கும்வரை அது சாயாது.

இதை நீங்களே சோதிக்கலாம். இரண்டு அழிப்பான்களின் மேல் கெட்டி அட்டை நோட்டை வைத்து ஓரத்தில் அழுத்துங்கள், கவிழும். மூன்றாவது அழிப்பானைக் கோட்டிலிருந்து விலக்கி வைத்து, மூன்றுக்கும் நடுவில் அழுத்துங்கள், அசையாது.

‘ஜாக்கி போதாதா?’ என்று கேட்கிறீர்களா? தூக்குவது வேறு, தாங்குவது வேறு. ஹைட்ராலிக் ஜாக்கியில் எடையைத் தூக்குவது எண்ணெயின் அழுத்தம். உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கசிந்தால் ஜாக்கி இறங்கிவிடும். ஆகவே ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி வைப்பதுதான் முறை.

கார் எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி வைக்கும்போது இன்னொரு கவனமும் வேண்டும். பல கார்களில் எஞ்சினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி மெல்லிய தகட்டால் ஆனது. 100 கிலோ எடை 25 சதுர சென்டிமீட்டர் ஜாக்கித் தலையில் இறங்கினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 4 கிலோ தாங்கவேண்டும், தகடு நசுங்கலாம். நடுவே 400 சதுர சென்டிமீட்டர் பலகை வைத்தால் அது கால் கிலோவாகக் குறைந்துவிடும்!

பிரித்த டிராக்டரைப் பட்டறையில் பார்த்தால் தள்ளி நின்றே கவனியுங்கள். ஆப்பு எங்கே, ஸ்டாண்டு எங்கே, பின்சக்கரம் உருளாமல் வைத்த கட்டை எங்கே என்று தேடுங்கள். ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று மெக்கானிக் அண்ணனிடம் கேளுங்கள். அடியில் மட்டும் ஒருபோதும் நுழையாதீர்கள்.