கிழிந்த படகுக்கும் ஒட்டு உண்டு!

திருப்பூரை அடுத்த முதலிபாளையம், பனியன் தொழில் நடக்கும் ஊர். தையல் தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சம் இல்லை. துணி கிழிந்தால் என்ன செய்வார்கள்? நைந்த ஓரத்தை வெட்டுவார்கள். ஓட்டையைவிடப் பெரிய துண்டை வைத்துத் தைப்பார்கள்.

கடலோரத்தில் உடைந்த படகையும் ஏறக்குறைய இப்படித்தான் சரி செய்கிறார்கள்!

"படகுக்கு ஒட்டுப் போடுவதா?" என்று சிரிக்காதீர்கள். பைபர் படகு என்பது கண்ணாடி நூலால் ஆன படகுதான்.

கண்ணாடியை உருக்கி, தலைமயிரைவிட மெல்லிய இழையாக இழுக்கிறார்கள். அந்த இழைகளால் ஆன விரிப்பை 'ரெசின்' என்னும் பிசினில் நனைத்து, அடுக்கடுக்காக ஒட்டுகிறார்கள். இறுகியதும் அது படகாகிவிடுகிறது.

சுனாமி வந்த நாள்

2004-ம் ஆண்டு டிசம்பர் 26. சுனாமி அலை தமிழகக் கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள்.

அலை தூக்கி வீசிய படகுகள் சுவரிலும் மரத்திலும் மோதி உடைந்து கிடந்தன. படகு இல்லாவிட்டால் தொழில் இல்லை. தொழில் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது.

ஆனால், உடைந்த படகுகள் எல்லாம் குப்பைக்குப் போகவில்லை. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு போன்ற அமைப்புகள் பழுது பார்க்கும் வேலையில் இறங்கின. ஒட்டுப் போட்ட படகுகள் மீண்டும் கடலுக்குப் போயின.

தட்டினால் தெரியும்

வெளியே விரிசல் சிறிதாகத் தெரியும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு காசால் சுற்றிலும் தட்ட வேண்டும். 'டக்' என்று கணீரென ஒலித்தால் நல்ல இடம். 'பொத்' என்று கேட்டால் கெட்ட இடம். கெட்டதை முழுவதும் வெட்டி எடுத்துவிட வேண்டும்.

பிறகு, நல்ல தண்ணீரால் கழுவி உப்பைப் போக்க வேண்டும். நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தில் ரெசின் பிடிக்காது.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. ஓட்டையின் ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். சரிவின் அகலம், படகுச் சுவரின் கனத்தைப்போல் 12 மடங்கு இருப்பது நல்லது. சுவர் 5 மில்லி மீட்டர் கனம் என்றால், சுற்றிலும் 60 மில்லி மீட்டர் சரிவு!

ஏன் இவ்வளவு? புது ரெசின், பழைய படகோடு உருகிக் கலப்பதில்லை. மேலே ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒட்டும் இடம் அகலமானால்தான் பிடிப்பு பலமாகும்.

ஓட்டையின் மறுபக்கத்தில் மெழுகு தடவிய பலகையை அண்டக்கொடுத்து, ரெசினில் நனைத்த விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகிறார்கள். ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுகிறார்கள். குமிழி நின்றால் அந்த இடம் பலவீனம்.

ஜாக்கிரதை!

ரெசின் இறுகுவதற்கு ஒரு மருந்து சேர்ப்பார்கள். 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் போதும். இது கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். வேகமாக இறுகச் செய்யும் கோபால்ட் மருந்தையும் இதையும் நேராகக் கலக்கவே கூடாது. வெடித்துவிடும்! தேய்க்கும்போது பறக்கும் தூசியும் நுரையீரலுக்குக் கெடுதல். முகமூடியும் கண்ணாடியும் அவசியம்.

உங்கள் வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிறதா? அந்த மீனைக் கொண்டுவந்த படகின் அடியிலும் ஓர் ஒட்டு இருக்கலாம்.

பனியனில் போட்ட ஒட்டு பிரிந்தால் வெட்கத்தோடு போய்விடும். நடுக்கடலில் ஒட்டு பிரிந்தால் உயிர் போய்விடும். அதனால்தான், நல்ல தொழிலாளி படகு காயும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறார்.