ஊவாவின் பருவங்களும் இல்லத்து மின்கட்டணமும்

ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர் பண்டைத் தமிழர். அப்பகுப்புத் தமிழகத்து நிலத்துக்கு இயைந்தது. இலங்கையின் ஊவா மலைநாட்டிலோ காலம் வேறு முறையில் நடக்கின்றது. கார்காலமாகிய ஆவணி, புரட்டாதித் திங்களிற் பதுளைக் குன்றுகள் வறண்டு கிடக்கும்; ஐப்பசி தொடங்கித் தை வரையுமே அங்கு மழை மிகும். மே முதற் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றுத் தன் நீரை நாட்டின் மேற்குச் சரிவிலே சொரிந்துவிட்டு, மலையைக் கடந்து ஊவாவில் இறங்கும்பொழுது உலர்ந்த வெங்காற்றாகின்றது. அதனையே மக்கள் கச்சான் என்பர். ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தை அளித்து உலகச் சந்தையிற் புகழ் தேடித் தந்ததும் இக்காற்றே. தேயிலைச் செடி மட்டுமன்றி, வீட்டுச் சுவரிலுள்ள மின்மானியும் இப்பருவங்களுக்குக் கட்டுப்பட்டதே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

வீழ்நீரைக் கொண்டு இலங்கை முழுவதற்கும் மின்னாக்கலாம் என்பதை 1918 இல் ஆய்வுரை வாயிலாக எடுத்துக் காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா ஆவர். அவர் கருதிய லக்சபான நிலையம் 1950 இலேதான் இயங்கத் தொடங்கிற்று. அதற்கு முன்னரே தோட்டங்கள் பலவற்றில் ஓடை நீரால் சிறு சுழலிகளை ஓட்டித் தேயிலைத் தொழிற்சாலைகளை நடத்தினர். ஆயினும் தொழிற்சாலையில் எரிந்த விளக்கு லயக் காம்பராக்களை அடைவதற்கு நெடுங்காலம் சென்றது. மண்ணெண்ணெய் விளக்கொளியிலே பல தலைமுறைப் பிள்ளைகள் பாடம் படித்தனர்.

நீர்மின் மலிவானது, எனவே மழைக்கும் மின்விலைக்கும் உறவுண்டு. களனி கங்கையின் தலைநீர்த் தேக்கங்களைத் தென்மேற்குப் பருவமழை நிரப்புகின்றது. ரந்தெனிகல முதலிய கிழக்குப்புறத் தேக்கங்களுக்கு வாடைப்பருவ மழை துணைபுரிகின்றது. 2024 ஏப்பிரலில் திறக்கப்பட்ட, 120 மெகாவாற்று வலுவுடைய உமா ஓயா நிலையம் ஊவாவில் ஓடும் நீராலேயே இயங்குவது. இரு பருவமழையும் ஓய்ந்த மாசி, பங்குனியில் நீர்மட்டம் தாழ, நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் வேலை மிகுகின்றது. 2022 இல் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி நாடு தவித்தபொழுது, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்டிற் கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. பின்னர்ப் பலமுறை குறைந்து, 2025 யூனில் மீண்டும் 15 வீதம் ஏறிற்று.

இக்கட்டணத்தின் அமைப்பினை அறிதல் இன்றியமையாதது. 1,000 உவாற்று வலுவுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினாற் செலவாவது ஓர் அலகு. அலகு பெருகப் பெருக விலையும் ஏறும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அஃது ஒரே படிக்கட்டன்று; இரண்டு படிக்கட்டுகள் என்பதைச் சிலரே அறிவர். 2025 யூன் 12 இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, மாதம் 60 அலகு செலவிட்ட வீட்டுக்கு முதல் 30 அலகு 4.50 ரூபாய் வீதமும், அடுத்த 30 அலகு 8 ரூபாய் வீதமும், நிலைக்கட்டணம் 210 ரூபாயுமாக மொத்தம் 585 ரூபாய் ஆயிற்று. 61 அலகு செலவிட்ட வீட்டுக்கோ முதல் அலகு தொட்டே விலை மாறி, 60 அலகும் 12.75 ரூபாய் வீதமும், எஞ்சிய ஓரலகு 18.50 ரூபாயும், நிலைக்கட்டணம் 400 ரூபாயுமாக 1,183.50 ரூபாய் ஆயிற்று. வரி இக்கணக்கிற் சேரவில்லை. ஓரலகின் மிகையால் ஏற்பட்ட வேறுபாடு 598.50 ரூபாய். 2024 இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்பதை ஒப்புநோக்கின், அவ்வோரலகு ஏறத்தாழ அரைநாள் உழைப்பை விழுங்கியமை புலனாகும். விகிதங்கள் காலந்தோறும் மாறலாம். படிக்கட்டின் இயல்பை உணர்ந்தோர் எந்த விகிதத்தையும் கணித்துக்கொள்வர்.

அறுபதாம் அலகைத் தாண்டச் செய்வது பெரும்பாலும் பருவமே. பதுளை நகர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 680 மீற்றரிலும், அப்புத்தளை ஏறக்குறைய 1,400 மீற்றரிலும் உள்ளன. மார்கழி, தைக் குளிரில் மேட்டுத் தோட்டங்களில் வெந்நீரின்றிக் குளித்தல் அரிது. 20 லீற்றர் நீரை 18 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க அரை அலகு வேண்டும். நாள்தோறும் நால்வருக்கு ஒவ்வொரு வாளி எனின், மாதம் 60 அலகு வெந்நீருக்கே போய்விடும். ஈரத்துணியை அயன் செய்து உலர்த்துவதும் இத்தகையதே. துணியிலுள்ள ஒரு லீற்றர் நீரை ஆவியாக்க ஏறக்குறைய முக்கால் அலகு செல்லும். கச்சான் காற்று இலவசமாகச் செய்யும் பணியை மழைக்காலத்தில் மின்சாரம் கூலி பெற்றுச் செய்கின்றது.

இதற்கு மாற்று, பருவத்தை முன்னுணர்ந்து வாழ்வதேயாகும். கவ்வாத்து முடிந்த மலையிற் பொறுக்கும் தேயிலை மிலாற்றை வெயிற்காலத்திலே உலர்த்தி அடுக்கி வைப்போர்க்கு மழைக்காலத்து வெந்நீர் அடுப்பிலேயே கிடைக்கும். ஆனால் புகைபோக்கி இல்லாத காம்பராவில் எரிக்கும் விறகு கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும். அதற்கு வழி செய்தபின்னரே இச்சிக்கனம் சிக்கனமாகும். துணியை வாரத்துக்கு ஒருமுறை, நன்கு உலர்ந்தபின், ஒருசேர அயன் செய்தல் நன்று. கச்சான் காலத்தில் நகரத்து வீடுகளில் மின்விசிறி தலைகாட்டும். 60 உவாற்று விசிறி நாளுக்கு 6 மணி நேரம் சுழன்றால் மாதம் 11 அலகளவு ஆகும். வெந்நீர்ச் செலவு ஓய்ந்த திங்களாதலின் அதனைத் தாங்கலாம். குளிர்சாதனப் பெட்டி குளிர்காலத்திற் குறைவாகவே உழைக்கும். அதன் குளிரளவைப் பருவத்துக்கேற்ப மாற்றுதல் வேண்டும்.

இரவு 10.30 மணிக்குப் பின் கருவிகளை இயக்கினாற் கட்டணம் குறையும் என்று நம்புவோர் உளர். மாலை 6.30 முதல் 10.30 வரை நாட்டின் மின்தேவை உச்சமடைவது உண்மை. ஆயினும் சாதாரண வீட்டு மானி நேரத்தைப் பிரித்தறிவதில்லை. அது அலகினை மட்டுமே எண்ணும். ஆகவே அலகினை எண்ணுதலே வீட்டார்க்கும் உரிய வழி. 60 அலகு என்பது நாளுக்கு 2; வாரத்துக்கு 14. ஞாயிறுதோறும் மானியைப் பார்த்துக் குறிக்கும் பொறுப்பை வீட்டிலுள்ள மாணவன் ஏற்கலாம். பள்ளியிற் கற்ற கழித்தலும் வகுத்தலும் குடும்பத்துக்குப் பயன்படும் இடம் இதுவே.

ஒரே மானியின்கீழ் இரு குடும்பங்கள் வாழுமிடத்து, ஆடம்பரத்தாலன்றி ஆட்தொகையாலேயே படி ஏறிவிடும். படிக்கட்டு ஆட்களை எண்ணுவதில்லை. இக்குறை வீட்டாரின் சிக்கனத்தால் நீங்கக்கூடியதன்று. தனி இல்லமும் தனி மானியும் அமைதலே அதற்கு மருந்து.

கட்டணத்துக்கு அஞ்சிப் பலர் முதலில் அணைப்பது பிள்ளையின் படிப்பு விளக்கையே. பழைய 60 உவாற்றுக் குமிழ் எரிந்த காலத்தில் அவ்வச்சத்துக்கு ஓரளவு காரணமிருந்தது. 9 உவாற்று எல்.ஈ.டி. விளக்கு இரவுதோறும் 4 மணி நேரம் எரிந்தாலும் மாதம் ஓரலகைச் சிறிதே தாண்டும். இரண்டு நாள் நான்கு வாளி வெந்நீருக்குச் செல்வது அதனைப்போல் நான்கு மடங்கு. எங்கே குறைப்பது என்பதைக் கணக்கு அறியும், அச்சம் அறியாது. அடுப்பிலும் அயனிலும் சிக்கனம் பேணி, பிள்ளையின் மேசையில் விளக்கை எரியவிடும் இல்லமே பருவத்தையும் கட்டணத்தையும் ஒருங்கே வென்ற இல்லமாகும்.