லாயத்தில் கூடிய சபை

பெந்தெகொஸ்தே என்றதும் நம்மவர்களில் பலருக்குக் கைதட்டலும் ஒலிபெருக்கியும்தான் ஞாபகம் வரும். எனக்கு அந்த இயக்கத்தின் வரலாற்றில் ருசி தட்டியது வேறு ஒரு கேள்வியால்: அங்கே யார் யாரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்?

1906-ஆம் ஆண்டு, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் அசூசா தெரு. முன்பு கறுப்பர்களின் மெதடிஸ்ட் கோயிலாக இருந்து, பிறகு குதிரை லாயமாகிப்போன கட்டடம். அங்கே கூட்டம் நடத்திய வில்லியம் சீமோர், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோரின் பிள்ளை. சற்று முன்புதான் ஹூஸ்டனில் சார்லஸ் பார்ஹாம் என்பவரின் வேதபாட வகுப்பில் வெள்ளையரோடு உட்கார அனுமதியில்லாமல், கதவுக்கு வெளியே இருந்து பாடம் கேட்டவர். (நம்ம நந்தனார் நினைவுக்கு வந்தால் தப்பில்லை.) அவருடைய கூட்டத்திலோ கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோக்காரர், வீட்டுவேலை செய்யும் பெண்கள் எல்லாரும் கலந்தே இருந்தார்கள். பெண்களும் பிரசங்கித்தார்கள். பார்ஹாமே நேரில் வந்து பார்த்து முகம் சுளித்தார்.

இந்தக் கலப்பு எப்படிச் சாத்தியமாச்சு? பேசுவதற்குப் பட்டமோ பரம்பரையோ அங்கே தேவைப்படவில்லை. ஆவி யார்மேல் இறங்கியதோ அவர் எழுந்து பேசலாம், அவ்வளவுதான். ஆனால் சொத்து, பதிவு, போதகர் சான்றிதழ் என்று வந்தவுடனே கோடு விழுந்தது. 1914-இல் ஹாட் ஸ்பிரிங்ஸில் உருவான அசெம்பிளிஸ் ஆஃப் காட் பெரும்பாலும் வெள்ளையர் சபை. மெம்பிஸ் நகரில் சார்லஸ் மேசன் தலைமையிலான சபை பெரும்பாலும் கறுப்பர் சபை. 1948-இல் வெள்ளையர் சபைகள் மட்டும் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு 1994-இல்தான் கலைக்கப்பட்டது. அன்று மெம்பிஸில் ஒரு வெள்ளைப் போதகர் ஒரு கறுப்பு ஆயரின் பாதங்களைக் கழுவினார்.

இது அமெரிக்கச் சமாச்சாரம் மட்டுமில்லை. மும்பையிலிருந்து சென்னை போகும் வண்டி புனே தாண்டியதும் கெட்காவ்ன் என்ற சிறிய ஸ்டேஷன் வரும். அங்கே பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில், அசூசாவுக்கு முந்தைய வருஷமே, 1905-இல், விதவைகளும் பஞ்சத்தில் அநாதைகளான சிறுமிகளும் ஆவியின் எழுப்புதலில் ஜெபித்தார்கள். 1920-களில் இலங்கையில் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கிய ராமன்குட்டி பால், கேரளத்தின் தலித் குடும்பத்தில் பிறந்தவர்.

அமெரிக்க இறையியலாளர் ரிச்சர்ட் நீபூர், சபைப் பிரிவுகளின் சமூக வேர்களைப் பற்றி 1929-இல் எழுதிய நூலில் இந்தப் போக்கை விளக்குகிறார். ஏழைகளிடம் பிறக்கும் சபை, அடுத்த தலைமுறை படித்து வசதி பெற்றதும் நடுத்தர வர்க்கச் சபையாகிறது. வெளியே நிற்கும் ஏழைகள் இன்னொரு சபையைத் தொடங்குகிறார்கள். இங்கே இதோடு ஜாதியும் சேர்ந்துகொள்வதால் கணக்கு இன்னும் சிக்கல்.

நம் போன்ற வெளிமாநிலத் தமிழரிடம் மொழியே வர்க்க அடையாளமாகிவிடுகிறது. ஒரே கட்டடத்தில் ஆங்கில ஆராதனைக்குக் காரில் வருகிறவர்களும் தமிழ் ஆராதனைக்கு பஸ்ஸில் வருகிறவர்களும் வாசலில் எதிர்ப்பட்டுத் தலையசைத்துவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். கான்வென்டில் படித்த பிள்ளை தமிழ் ஆராதனையை விட்டு ஆங்கிலத்துக்குப் போகிறது. அம்மா தமிழிலேயே இருக்கிறாள். உங்கள் சபையில் நிலைமை எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி உண்டு. கமிட்டி அங்கத்தினர்களில் எத்தனை பேர் எந்த ஆராதனைக்கு வருகிறவர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.