குடத்து விளக்கா, குன்றின்மேல் விளக்கா?

வீடு கட்டப் புகுபவன் எடுத்த எடுப்பிலே கல்லை அடுக்கத் தொடங்குவதில்லை. நிலம் பார்த்து, நிலையம் எடுத்து, வாசல் எத்திசையில் அமைய வேண்டும் என்று நிச்சயித்த பின்னரே அத்திவாரம் வெட்டுகிறான். கட்டுரை எழுதுவோரிற் பலர் அவ்வாறு செய்வதில்லை. மனத்தில் எழுந்ததை எழுதி முடித்து, ஈற்றில் ஒரு தலைப்பைச் சூட்டி, கையில் அகப்பட்ட படமொன்றையும் சேர்த்து இணையத்தில் இட்டுவிடுகின்றனர். வீடு எழும்பிவிடுகிறது, உள்ளே வருவதற்குத்தான் வாசல் இல்லை!

பத்திரிகையில் வெளிவரும் கட்டுரை வாசகரைத் தேடி வீட்டுக்கே வந்து சேருகிறது. இணையத்திலுள்ள கட்டுரையின் நிலை வேறு. அங்கே வாசகரே கட்டுரையைத் தேடிச் செல்லல் வேண்டும். அவர் தேடும்போது அகப்படாத கட்டுரை, எத்துணை அருமையானதாயினும், குடத்துள் இட்ட விளக்கே. ஆகவே, எழுதுகோலை எடுக்குமுன் கட்டுரையையும் அதற்குரிய படங்களையும் திட்டமிடுவது எங்ஙனம் என்பதை இன்று ஆராய்வோம்.

தேடுபொறி என்பது யாது? உலகெங்குமுள்ள பக்கங்களை முன்கூட்டியே வாசித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று குறித்து வைத்திருக்கும் ஏற்பாடே அது. நூலின் இறுதியிற் காணப்படும் சொல்லடைவை ஒத்தது எனலாம். அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லரி பேஜ், சேர்ஜி பிரின் என்னும் இருவர் 1998ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்தனை சுட்டுகின்றன, அவ்வாறு சுட்டுபவை எத்தகையன என்பவற்றையும் கணக்கிற் கொண்டு அப்பக்கத்தை முன்னுக்கோ பின்னுக்கோ வைத்தமையே அவர்களுடைய புதுமை. அன்று தொட்டு முறைகள் பல மாறியுள்ளன. ஆயினும் தேடுபவரின் சொல்லும் எழுதுபவரின் சொல்லும் எங்கேனும் ஓரிடத்திற் சந்தித்தே ஆக வேண்டும் என்னும் அடிப்படை மாறவில்லை.

ஓர் உதாரணம் கொண்டு இதனை விளக்குவோம். 2017ஆம் ஆண்டில் நம் நாட்டில் 180,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர் எனப் பதியப்பட்டனர். 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்நோயைப் பற்றி ஒருவர் கட்டுரை எழுத விரும்புகிறார் என்று கொள்வோம். அவர் முதலிற் கேட்க வேண்டிய வினா, “எனக்கு என்ன தெரியும்?” என்பதன்று. “இதனைத் தேடுபவர் யார்? எந்த நிலையில் இருந்து தேடுகிறார்?” என்பதே.

தேடுபவள் ஒரு தாய். பிள்ளைக்கு மூன்றாம் நாட் காய்ச்சல். நள்ளிரவிலே கைத்தொலைபேசியை எடுத்து, “டெங்கு காய்ச்சல் அறிகுறி” என்றோ, “காய்ச்சல் விட்டால் பயமில்லையா” என்றோ எழுதுகிறாள். “டெங்கு: ஒரு வரலாற்று நோக்கு” என்று அவள் தேடப்போவதில்லை. எனவே தலைப்பு அவளுடைய வினாவைத் தழுவியதாய் இருத்தல் வேண்டும். அவள் அறிய வேண்டியது முதற் பந்தியிலேயே வந்துவிட வேண்டும். காய்ச்சல் தணியும் வேளையே சிலருக்கு ஆபத்தான வேளை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசிலே இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியன கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். அஸ்பிரின், இபுபுறூபன் போன்றவை இரத்தக் கசிவை மிகுவிக்கக் கூடுமாதலால் அவற்றைக் கொடுத்தல் ஆகாது. நோயின் வரலாறு பின்னர் வரலாம், வராமலும் விடலாம்.

அடுத்தது சொல். நாம் நுளம்பு என்கிறோம். தமிழகத்தார் கொசு என்கின்றனர். நம் முரசு அவர்களுக்கு ஈறு. நம்மிற் பலர் சலரோகம் என்பதை அவர்கள் சர்க்கரை நோய் என்பர். ஒரு சொல்லை மட்டும் ஆளும் கட்டுரை மற்றச் சொல்லாற் தேடுவோருக்கு எட்டாமற் போகலாம். தேடுபொறிகள் ஒருபொருட் சொற்களை இன்று ஓரளவு அறிந்து கொள்கின்றனவெனினும், அதனையே நம்பியிருத்தல் தகாது. நம் சொல்லைக் கைவிடாது, மற்றச் சொல்லையும் இயல்பாக ஓரிடத்திற் சேர்த்தாற் போதும். தேடும் பெட்டியில் இரண்டொரு சொற்களை எழுதிப் பார்ப்பின், பிறர் எவ்வாறு தேடுகின்றனர் என்பதை அதுவே வரிசையாகக் காட்டும். அச்சொற்களைக் குறித்துக்கொள்க.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஒரே சொல்லை வரிக்கு வரி புகுத்தினால் முன்னணிக்கு வந்துவிடலாம் என்று முன்னர்ச் சிலர் எண்ணினர். உள்ளீடற்ற பக்கங்களைப் பின்தள்ளும் மாற்றத்தைக் கூகிள் 2011ஆம் ஆண்டிற் புகுத்தியது. அதனாற் பலருடைய பக்கங்கள் சரிந்தன. கறிக்கு உப்பு எவ்வளவோ அவ்வளவே கட்டுரைக்கு அச்சொல்.

இனிப் படங்களுக்கு வருவோம். எழுதி முடித்தபின் தேடிப் பிடிக்கும் படம் அலங்காரமாகவே நிற்கும். முன்னரே திட்டமிட்ட படமோ பொருளை உணர்த்தும். டெங்குக் கட்டுரைக்கு நோயாளி வாடிக் கிடக்கும் படம் எதற்கு? கால்களிலே வெண்வரி கொண்ட நுளம்பு ஒன்று. நீர் தேங்கும் பூச்சாடித் தட்டு, பழைய ரயர், சிரட்டை ஆகியன ஒன்று. இவ்விரண்டும் போதும். எப்பந்தியின் அருகே எப்படம் என்பதை முன்னரே வகுத்துவிடுக. பிறர் எடுத்த படமாயின் அவரது அனுமதியைப் பெறுக.

படத்திற் கண்டதை மனிதர் அறிவது போல யந்திரம் எப்போதும் அறியும் என்று எண்ணலாகாது. ஆதலால் படத்தின் கோப்புக்குக் கமரா இட்ட இலக்கத்தை விட்டுவிடாது, பொருள் விளங்கும் பெயரை இடல் வேண்டும். படத்தோடு மறைவாக இணைக்கப்படும் மாற்றுரை என்றொன்றும் உண்டு. “கால்களில் வெண்வரிகள் உள்ள கரிய டெங்கு நுளம்பு” என்று அதிலே எழுதினால், தேடுபொறிக்கும் அது விளங்கும். திரையை உரத்து வாசிக்கும் கருவியைக் கொண்டு வாசிக்கும் பார்வையற்றோருக்கும் அதுவே கண்ணாகும். அறிகுறிகளின் பட்டியலைப் படமாக்கி ஒட்டுதல் கூடாது. எழுத்தாகவே இடல் வேண்டும். படங்களின் பருமனையும் குறைத்துவிடுக. கிராமத்திலே மெதுவான இணைப்பிற் படம் திறக்குமட்டும் அந்தத் தாய் காத்திருக்க மாட்டாள்.

தமிழருக்கெனத் தனியான சங்கடம் ஒன்றும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிற் பதித்தவை கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றினும், கணனிக்கு அவை ஆங்கில எழுத்துகளின் குவியலே. ஒருங்குறியிலே 1991ஆம் ஆண்டு முதலே தமிழுக்கு இடமுண்டு. பழைய எழுத்துருவில் உள்ள நல்ல கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றாதவரை, தமிழிலே தேடுபவர் கையில் அவை கிட்டுவது அரிது.

“நல்ல எழுத்துக்கு இத்தனை உபாயம் எதற்கு? உண்மை தானே வெளிப்படாதா?” என்று கேட்பவர் உளர். உண்மை மௌனமாயிருக்கும் இடத்திலே பொய் முந்திக்கொள்கிறது. பிழையான வைத்தியம் கூறுவோர் தலைப்பிலும் படத்திலும் மிகுந்த கவனம் செலுத்துகின்றனர். விஷயம் அறிந்தவர் அதிலே அசட்டையாயிருந்தால், அந்த நள்ளிரவிலே தாயின் கைக்கு எட்டுவது எது என்பதை வாசகரே ஊகித்துக் கொள்ளலாம்.

ஆதலின், எழுத ஆர்வங்கொண்ட இளைஞரும் யுவதிகளும் முதலில் ஒரு வெற்றுத் தாளை எடுப்பாராக. தேடுபவர் யார், அவருடைய வினா யாது, அவர் வழங்கும் சொற்கள் எவை, முதற் பந்தியிற் கூற வேண்டிய விடை யாது, எப்படம் எங்கே என்னும் ஐந்தையும் அதிலே குறிப்பாராக. இதற்கு அரை மணி நேரம் போதும். அத்தாள் நிரம்பிய பின்னர்க் கட்டுரையைத் தொடங்கலாம்.